செல்ஃபா, பலகையா, தக்காளி கிரேடா? பிள்ளைகள் தாங்களே எடுத்து வைக்க எது தோது

எங்கள் வீட்டில் பிள்ளைகளின் கதைப் புத்தகங்கள் 143. பாடப்புத்தகம் இதில் சேராது. போன கோடை விடுமுறையில் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டபோது அங்கிருந்து மட்டும் 19 வெளியே வந்தன. அந்த எரிச்சலில்தான் எல்லாவற்றையும் கூடத்தில் கொட்டி எண்ணினேன். பெரியவளுக்கு எட்டு வயது. சின்னவனுக்கு நான்கு முடிந்து சில மாதம். இருவரும் எடுப்பார்கள், வைப்பது நான். நான் வேலைக்குப் போன நேரத்தில் என் அத்தை, முழங்கால் வலியோடு குனிந்து பொறுக்குவார். "இந்த புஸ்தகத்துக்கெல்லாம் கால் முளைச்சிருக்குது பாரு" என்பார். திட்டு பிள்ளைகளுக்கா எனக்கா என்பது அன்றைய வலியைப் பொறுத்தது.

தர்மபுரியில் மாடிப் போர்ஷன் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். சுவரில் புது ஆணி கூடாது என்று வீட்டுக்காரர் குடிவந்த நாளே சொல்லிவிட்டார். ஏற்கெனவே இருக்கிற ஆணிகளில் ஒன்று காலண்டருக்கு, ஒன்று சாமி படத்துக்கு, ஒன்று என் கைப்பைக்கு. கூடத்துச் சுவரில் கடப்பா கல் பதித்த கதவில்லாத அலமாரி ஒன்று இருக்கிறது. ஐந்து தட்டு, மூன்றடி அகலம், ஓரடி ஆழம். பிள்ளைகள் தாங்களே எடுத்து வைக்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தபோது கையில் இருந்தது இவ்வளவுதான்.

அன்று எண்ணும்போது இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. 143-இல் 104 புத்தகங்களுக்கு முதுகே இல்லை. நடுவில் இரண்டு பின் அடித்து மடித்த 16 பக்கம், 24 பக்கம் புத்தகங்கள். தர்மபுரி புத்தகத் திருவிழாவில் வருடா வருடம் அள்ளிக்கொண்டு வருவது பெரும்பாலும் இவைதான். நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் மாதிரியான பதிப்பகங்கள் சிறுவர்களுக்குப் போடும் மெல்லிய புத்தகங்கள் பல இந்தக் கட்டுமானம்தான். விலை குறைவு, தூக்க லேசு, தரையில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாமல் கிடக்கும். ஆனால் நெட்டுக்குத்தாக அடுக்கிவிட்டால் தெரிவதெல்லாம் வெள்ளைக் காகித விளிம்பு. தலைப்பு அச்சடிக்க அங்கே இடமே கிடையாது. புத்தக அலமாரி என்றதும் நம் மனதில் வருவது தடித்த புத்தகங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வரிசை. அது பெரியவர்கள் புத்தகத்துக்குச் செய்த ஏற்பாடு.

இன்னொன்று. நான் இத்தனை நாளும் யோசித்தது "எப்படி அடுக்கினால் எடுக்க வசதி" என்றுதான். எடுப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. எங்கே ஒளித்து வைத்தாலும் எடுத்துவிடுகிறார்கள். கஷ்டம் வைப்பதில். அதனால் ஒவ்வொரு முறையையும் ஒரே மாதிரி சோதித்தேன். சின்னவன் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, "வெச்சிட்டு வா சாமி" என்று அனுப்பிவிட்டு, கதவோரம் நின்று பார்ப்பது. எத்தனை கை வேண்டியிருக்கிறது, எத்தனை முறை முயல்கிறான், எப்போது விட்டுவிட்டு ஓடுகிறான் என்று காலண்டர் தாளின் பின்னால் குறித்துக்கொண்டேன்.

முதலில் இருக்கிற அலமாரி. கீழிரண்டு தட்டுகளைக் காலி செய்து, முதுகு வெளியே தெரிய (அல்லது முதுகு இருக்க வேண்டிய பக்கம் தெரிய) அடுக்கினேன். பார்க்க அழகு. போட்டோ எடுத்து என் தங்கைக்குக்கூட அனுப்பினேன். இடமும் சேமிப்புதான், மெல்லிய புத்தகம் மூன்றடித் தட்டில் நூறுக்கு மேல் நிற்கும். சின்னவன் வந்தான். பக்கத்துப் புத்தகங்களை ஒரு கையால் நெருக்கிப் பிடித்து, மறு கையால் இடுக்கில் செருக வேண்டும். அவன் செருகியது பாதியில் மடங்கியது. இரண்டாம் தடவை பக்கத்துப் புத்தகம் உள்ளே சரிந்து விழுந்தது. மூன்றாம் தடவை, நின்ற புத்தகங்களின் தலைமேல் படுக்கப் போட்டுவிட்டு ஓடினான். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? அன்று சாயங்காலம் அப்படிப் படுத்திருந்தவை பதினொன்று. மறுநாள் அடியில் இருந்து ஒன்றை உருவப் போய் மொத்தமும் கொட்டியது.

பெரிய நூலகங்களிலேயே எடுத்த புத்தகத்தை நீங்களே திருப்பி வைக்காதீர்கள், மேசையில் விட்டுவிடுங்கள் என்பார்கள். தட்டு மாறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம் என்பதுதான் காரணம். வளர்ந்தவர்களையே நம்பாத ஒரு வேலையை நான்கு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்த்து, செய்யவில்லை என்று அதட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் பெரியவளுக்கு இந்த முறை பிடித்துப்போனது. அவளிடம் இருக்கும் தடித்த புத்தகங்கள் 39. காமிக்ஸை எண் வரிசையில் அடுக்கி, நடுவில் ஒரு எண் இல்லாவிட்டால் நிம்மதி இழப்பவள் அவள். செல்ஃப் முறையே தப்பு என்று சொல்ல மாட்டேன். படிக்கத் தெரிந்த, கை பழகிய, வரிசையில் சுகம் காண்கிற பிள்ளைக்கு, முதுகுள்ள புத்தகங்களுக்கு, அதுதான் சரி. எங்கள் வீட்டில் அப்படிப்பட்டவர் ஒருவர்தான்.

அடுத்தது முன்னட்டை முழுசாகத் தெரிய வைப்பது. சுவரில் நான்கு விரல் அகலத்துக்குப் பலகை, முன்னால் சின்னத் தடுப்பு, அதில் புத்தகம் சாய்ந்து நிற்கும். மழலையர் பள்ளிகளில் பார்த்திருப்பீர்கள். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். தாழ்ந்த, திறந்த தட்டு. அதில் கொஞ்சமான பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஓரிடம் என்பது அவருடைய வகுப்பறை ஏற்பாடு. எழுத்து தெரியாத பிள்ளைக்கு அட்டைப்படம்தான் தலைப்பு. யானை படம் தெரிந்தால் யானைக் கதையை எடுக்கிறது, யானை இருந்த இடத்தில் திருப்பி வைக்கிறது. ஒரு கை போதும்.

தெரிந்த ஆசாரி ஒருவரைக் கேட்டேன். மூன்றடிப் பலகை நான்கு, பிளைவுட்டில், மாட்டிக் கொடுப்பதற்கு ரூ.4,800 என்றார். பணத்தைக்கூடப் புரட்டிவிடலாம். பலகைக்கு நான்கு ஸ்க்ரூ என்றாலும் பதினாறு ஓட்டை. வீட்டுக்காரர் முகத்தை நினைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய தடங்கல் கணக்கில் இருந்தது. சாதாரணமாக ஒரு சிறுவர் புத்தகம் 20, 21 செ.மீ. அகலம் இருக்கும். மூன்றடிப் பலகையில் நான்கு நிற்கும். நான்கு பலகைக்குப் பதினாறு. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வைத்தால் 48. ஆனால் பின்னால் போன புத்தகம் பிள்ளைக்கு இல்லாத புத்தகம். 143-க்கு இது தாங்காது. சொந்த வீடு, முப்பது நாற்பது புத்தகம், மூன்று வயதுப் பிள்ளை என்றால் நான் வேறு எதையும் யோசிக்காமல் இதைத்தான் செய்வேன்.

ஓட்டை போடாமல் முன்னட்டை தெரிய வைக்க முடியுமா என்று பார்த்ததில் ஒரு யோசனை வந்தது. பெட்டிக்கடையில் வார இதழ்களைக் கயிற்றில் க்ளிப் போட்டுத் தொங்கவிடுகிறார்களே, அது. ஜன்னல் கம்பியிலிருந்து கைப்பை மாட்டும் ஆணி வரைக்கும் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடும் க்ளிப்பில் பதினைந்து புத்தகம் தொங்கவிட்டோம். கடை மாதிரியே இருந்தது. பெரியவள் கடைக்காரி ஆனாள். கடன் சொல்லக் கூடாது என்று போர்டுகூட எழுதினாள். சின்னவனுக்கு க்ளிப்பை அழுத்தும் விரல் பலம் வரவில்லை. ஒரு கையால் அழுத்தி மறு கையால் புத்தகத்தைச் சொருகுவது அவனுக்கு வித்தை. அதனால் இழுத்து எடுத்தான், வைக்கவில்லை. இழுத்ததில் நடு பின் கிழிந்து இரண்டு புத்தகம் தாள் தாளாகப் பிரிந்தது. ராத்திரி ஃபேன் காற்றில் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டதில் அத்தைக்குத் தூக்கம் போனது. ஒன்பது நாளில் கயிறு மறுபடி துணி காயப்போடப் போய்விட்டது.

கதவில் மாட்டும் பாக்கெட் வைத்த துணித் தொங்கலும் ஒன்று வாங்கினோம். பாக்கெட் வாய் திறந்து நிற்காது; அதைப் பிரிக்க ஒரு கை, நுழைக்க ஒரு கை. கார் பயணத்தில் முன்சீட்டின் பின்னால் மாட்டலாம். வீட்டுக்கு ஆகாது. இப்போது அதில் சாக்ஸ் இருக்கிறது.

கார்ட்டூன் படம் ஒட்டி விற்கும் பிளாஸ்டிக் அடுக்குகளை நான் வாங்கவே இல்லை. லேசான அடுக்கின் மேல்தட்டில் புத்தகப் பாரம் ஏறினால் தலைகனம். பிள்ளை கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறினால் அதன்மேலேயே சாயும். இரும்பு ரேக், மர அலமாரி எதுவானாலும் தனியாக நிற்கிற அடுக்கை எல் வடிவ இரும்புப் பட்டை வைத்துச் சுவரோடு ஸ்க்ரூ அடித்துப் பிணைக்க வேண்டும். மறுபடி சுவர், மறுபடி வீட்டுக்காரர்.

அப்புறம் தக்காளி கிரேடு.

என் அப்பா பாலக்கோடு பக்கம் விவசாயம். தக்காளியை மண்டிக்கு ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேடுகள் களத்துமேட்டில் அடுக்கிக் கிடக்கும். அவர் 'பெட்டி' என்பார். ஓரம் கொஞ்சம் உடைந்து ஏற்றத்துக்கு ஆகாத மூன்றை, "போட்டு வெச்சா எரிக்கத்தான், எடுத்துட்டுப் போ கண்ணு" என்று கொடுத்தார். சிவப்பு, நீலம், பச்சை என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். காய்கறிக் கிரேடுகளில் பரவலாகப் புழங்கும் அளவு ஏறத்தாழ 54 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலம், 29 செ.மீ. உயரம். ஏ4 அளவுப் புத்தகம் உள்ளே நின்றால் தலை லேசாக மேலே எட்டிப் பார்க்கும். நான்கு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் நெஞ்சு உயரம். யாரோ புத்தகத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது.

சோதனையில் சின்னவன் நின்றபடியே மேலிருந்து போட்டான். முடிந்தது. ஒரு கை, ஒரு முயற்சி. எடுக்கும்போது தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் சாய்த்து சாய்த்துப் பார்க்கிறான். முன்னட்டையும் தெரிகிறது, இடமும் அடைக்கவில்லை, ஆணியும் வேண்டாம்.

முதல் வாரம் எல்லாம் சரியாகப் போகவில்லை. வந்த தொல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம். கிரேடின் அடிப்பாகம் சல்லடை. மெல்லிய புத்தகத்தின் மூலை ஓட்டைக்குள் இறங்கி, இழுக்கும்போது கிழிந்தது. புடவைக் கடையில் கொடுத்த கெட்டி அட்டையை அடியில் விரித்ததும் அது நின்றது. அடுத்து, பாதி காலியான கிரேடில் புத்தகங்கள் வழுக்கிக் குப்புறப் படுத்துக்கொண்டன. படுத்ததன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று கடைசியில் அது ஒரு குப்பைக்கூடை. இதற்கு மூன்று அட்டையை உள் அகலத்துக்கு வெட்டி, அரைச் சாணுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் குறுக்கே நிறுத்தி, கிரேடின் ஓட்டைகள் வழியாகச் சணல் கயிறு விட்டுக் கட்டினேன். இப்போது ஒவ்வொரு அறையிலும் ஏழெட்டுப் புத்தகம் லேசாகப் பின்னால் சாய்ந்து நிற்கிறது.

பாரத்தையும் பார்க்க வேண்டும். காகிதம் நாம் நினைப்பதைவிடக் கனம். அந்த அரை மீட்டர் நீளத்துக்கு ஏ4 புத்தகங்களை நெருக்கித் திணித்தால் 25 கிலோவுக்குக் குறையாது. தக்காளி ஏற்றினாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் பிடிக்கும் என்பது வேடிக்கை. அந்தக் கனத்தைப் பிள்ளை நகர்த்தவும் முடியாது, நெருக்கத்தில் ஒன்றை உருவவும் முடியாது. ஒரு கிரேடுக்கு முப்பது புத்தகம், அதுவும் மெல்லியவை என்று வைத்துக்கொண்டோம். பாதி இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும். வைக்க இடம் தேட வேண்டியிருந்தால் பிள்ளை தேடாது. தரை எப்போதும் காலியாகத்தானே இருக்கிறது.

வயலில் இருந்து வரும் கிரேடில் மருந்து படிந்திருக்கும். சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்தேன். உடைந்த ஓரம் கையைக் கிழிக்கும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துத் துணியால் சுற்றித் தைத்துவிட்டேன். மூங்கில் கூடை கிரேடைவிட அழகு, சந்தையில் கிடைக்கவும் செய்கிறது. ஆனால் வட்டமான கூடையில் சதுரமான புத்தகம் நிற்காது, சரியும். சிம்பு வேறு குத்தும். அட்டைப்பெட்டி இனாம், ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிது, ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் அதுவே சாப்பாடு. கிரேடைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி செல்ஃப் ஆக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். செய்தால் திரும்ப முதுகில்லாத புத்தகத்தை இடுக்கில் செருகும் கதைக்கே வந்து நிற்போம். கிரேடின் சிறப்பே அதன் வாய் மேலே பார்த்திருப்பதுதான்.

எதில் வைப்பது என்பது ஒரு பாதி. எப்படிப் பிரிப்பது என்பது இன்னொரு பாதி. எங்கள் வீட்டில் அதிக சண்டை நடந்தது இதில்தான்.

பெரியவள் பொருள்வாரியாகப் பிரிக்கச் சொன்னாள். விலங்குகள், அறிவியல், கதைகள். நல்ல யோசனை என்று மூன்று கிரேடுக்கும் படம் ஒட்டினோம். யானை ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் போகும் கதை எதில் போவது? விலங்கு என்றான் சின்னவன். யானை பள்ளிக்கூடம் போகாது, அதனால் கதை என்றாள் பெரியவள். அரை மணி நேரம் ஓடியது. சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறையைக் கொண்டுவந்ததற்கு அடிப்படையே இந்தச் சிக்கல்தான்: ஒரு புத்தகத்துக்கு ஒரு முகம் மட்டும் இருப்பதில்லை. அவர் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு குறியீடு கொடுத்துச் சேர்த்துக் காட்டினார். நூலகத்துக்கு அது சரி. வீட்டில் யானை ஒரு கிரேடில்தான் உட்கார முடியும். ஆகவே பிரிக்கிற விதி எதுவாக இருந்தாலும், எழுத்துக் கூட்டாமல், யோசிக்காமல், பார்த்ததும் ஒரே பதில் சொல்கிறதாக இருக்க வேண்டும்.

படிநிலைப்படி பிரிக்கலாமா என்று யோசித்தோம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வந்திருக்கின்றன. பேரே அழகு, வகுப்பில் எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆசிரியருக்கு அது வேண்டும். வீட்டில் வேண்டாம் என்று நினைக்கிறேன். சின்னவன் விரும்பி எடுப்பது அக்காவின் தடித்த டைனோசர் புத்தகம், ஒரு வரி படிக்காமல். பெரியவள் காய்ச்சல் வந்தால் எடுப்பது எட்டுப் பக்கக் குட்டிக் கதை. ஏணி வைத்தால் யார் எந்தப் படியில் என்ற பேச்சும் வரும்.

மொழிவாரியாக என்பது ஓசூரில் என் நாத்தனார் வீட்டில் ஓரளவு நடக்கிறது. தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம் நான்கும் அங்கே உண்டு. படிக்கத் தெரியாத பிள்ளைகூடத் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் பார்த்ததும் பிரித்துவிடும். தெலுங்கும் கன்னடமும்தான் தகராறு. அவ்விரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டார்கள். எங்களிடம் மூன்றில் இரண்டு பங்கு தமிழ், அதனால் ஒரு கிரேடு நிரம்பி வழிய, ஒன்று காலியாக நின்றது. யாருடைய புத்தகம் என்று பிரிப்பதை நான் முயலவே இல்லை. சொத்துப் பிரிவினை இப்போதே வேண்டாம்.

கடைசியில் கிரேடின் நிறமே கை கொடுத்தது. எந்தப் புத்தகம் எந்த நிறம் என்பதற்குக் காரணம் கிடையாது. முப்பது எடுத்து சிவப்பு, முப்பது நீலம், முப்பது பச்சை. அட்டையின் வலது மேல் மூலையில் அதே நிறத்தில் பொட்டு. சிவப்புப் பொட்டு சிவப்பு கிரேடுக்கு. முதலில் எலெக்ட்ரிக் வேலைக்குப் போடும் இன்சுலேஷன் டேப்பை ஒட்டினேன். எல்லா நிறமும் மலிவாகக் கிடைக்கும். ஒரு சித்திரை வெயிலில் பசை உருகி அட்டையோடு அட்டை ஒட்டிக்கொண்டது. இப்போது காகித ஸ்டிக்கர், அதன்மேல் கண்ணாடி டேப். சில ஆண் பிள்ளைகளுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்கச் சிரமமாக இருக்கும். அதனால் சிவப்பு வட்டம், நீலம் சதுரம், பச்சை முக்கோணம் என்று உருவத்தையும் மாற்றிவிட்டேன். கிரேடின் முன்பக்கத்திலும் அதே உருவம் பெரிதாக. அப்பாவின் கிரேடில் மண்டி அடையாளத்துக்காகப் பெயின்டில் எழுதிய 'மு' இன்னும் இருக்கிறது. சின்னவன் எழுதக் கற்ற முதல் உயிர்மெய் அது. 'அ' வருவதற்கு முன் 'மு' வந்தது.

யானைக் கதைக்கு இப்போது நீலச் சதுரம். யாரும் வாதாடுவதில்லை, வாதாட அதில் ஒன்றும் இல்லை.

ஆக, எங்கள் வீட்டு முடிவு இப்படி வந்து நின்றது. அலமாரியின் கீழிருந்து இரண்டாம் தட்டு பெரியவளுக்கு: தடித்த புத்தகங்கள், முதுகு தெரிய, அவள் இஷ்டப்படி. தம்பி அதில் கை வைக்கலாம், ஆனால் வைப்பது அவள் பொறுப்பு. அடித்தட்டில் நான்கே நான்கு புத்தகம், முன்னட்டை தெரியச் சாய்த்து. அந்த வாரம் புதிதாக வெளியே வந்தவை அல்லது நூலகத்தில் எடுத்தவை. நூலகப் புத்தகத்துக்குத் தனி இடம் இருப்பதால் கெடு தாண்டுவது குறைந்தது. கடப்பா கல்லின் விளிம்பு பிள்ளை குனிந்து நிமிரும் உயரத்தில் இருப்பதால் பழைய சைக்கிள் ட்யூபைக் கீறி விளிம்பில் ஒட்டியிருக்கிறேன். மூன்று கிரேடும் அலமாரிக்கு எதிரே, பாய் விரிக்கிற இடத்தை ஒட்டி. படிக்கிற இடத்துக்கும் வைக்கிற இடத்துக்கும் நடுவில் நான்கைந்து தப்படி கூடினாலே புத்தகம் வழியில் தங்கிவிடுகிறது. முதலில் கிரேடுகளை ஜன்னலடியில் வைத்தோம். மேற்கு வெயிலில் அட்டைகள் வெளுக்கத் தொடங்கியதும் இடம் மாற்றினேன்.

மிச்சம் தகரப் பெட்டிக்குள். மாதம் ஒருமுறை ஒரு கிரேடில் பாதியை உள்ளே போட்டு, பெட்டியிலிருந்து பாதியை வெளியே எடுக்கிறோம். பழைய புத்தகம் புதுப் புத்தகமாகத் திரும்பி வருகிற அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி தானாக அணைந்திருக்கிறது. பெட்டிக்குள் பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போடுகிறேன். வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்பார்கள், புத்தகத்தையும் வளர்க்கட்டும். பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். வெள்ளை மிட்டாய் மாதிரி இருக்கும், பிள்ளை வாயில் போட்டால் ஆபத்து. சில பிள்ளைகளுக்கு ரத்த அணுக்களையே சிதைத்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து, புத்தகங்களை நிழலில் ஒரு பகல் காற்றாட விரித்துவைப்பேன்.

உங்கள் வீடு எங்கள் வீடாக இருக்காது. இரண்டு மூன்று வயதில் ஒரே பிள்ளை, சுவர் உங்களுடையது என்றால் முன்னட்டை தெரியும் பலகைகளுக்குச் செலவு செய்யுங்கள். மேல் பலகை பிள்ளையின் கண் மட்டத்தைத் தாண்ட வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளை சுமார் ஒரு மீட்டர் உயரம், அதற்குள்ளேயே எல்லாம் அடங்கட்டும். எட்டு வயதுக்கு மேல், தடித்த புத்தகங்கள் சேரத் தொடங்கிவிட்டன என்றால் சாதாரண செல்ஃப் போதும். தட்டுக்கு இரண்டு செங்கல்லைத் துணி சுற்றி முட்டுக்கொடுத்தால் சரியாது. வாடகை வீடு, மெல்லிய புத்தகங்கள், வயது வித்தியாசமுள்ள பிள்ளைகள் என்றால் கிரேடு. பாலக்கோட்டிலோ ராயக்கோட்டையிலோ உறவு இல்லாதவர்கள் காய்கறிக் கடையில் சொல்லிவைத்தால் பழையது கிடைக்கும். பாடப்புத்தகமும் நோட்டும் மட்டும் எதிலும் கலக்க வேண்டாம், அது பள்ளிப் பையோடு தனி ஆணியில்.

எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று சொன்னால் அத்தையே சிரிப்பார். ராத்திரி தூங்கப் போகும் முன் மூன்று நிறத்தையும் யார் முதலில் சேர்ப்பது என்று ஓட்டப்பந்தயம் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தரை காலி. பந்தயம் வைக்க எனக்குத் தெம்பு இல்லாத நாளில் ஏழெட்டுப் பாயில் கிடக்கும். பச்சை முக்கோணம் நீலத்தில் நின்றால் நான் எடுத்து மாற்றுவதில்லை. இரண்டு நாளில் யாராவது ஒருவர் கண்டுபிடித்து, மற்றவரைக் குற்றம் சாட்டி, மாற்றிவிடுகிறார்கள். அத்தையின் பஞ்சாங்கம் ஒருநாள் சிவப்பு கிரேடில் கிடந்தது. அதில் சிவப்பு வட்டம் வேறு ஒட்டியிருந்தது.

போன மாதம் அப்பா போன் செய்தார். தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறதாம், விலையும் பரவாயில்லையாம், கிரேடு பற்றவில்லையாம். "ஓரம் போனா பரவால்ல கண்ணு, ரெண்டு பெட்டி திருப்பிக் குடு, பறிச்சு முடிச்சிட்டுத் தரேன்" என்றார். நீலத்தையும் பச்சையையும் கொடுத்தனுப்பினோம். அறுபது புத்தகம் தகரப் பெட்டிக்குள் போனது. எதைக் காணோம் என்று இதுவரை இருவரும் கேட்கவில்லை. சின்னவன் கேட்டது 'மு' எப்போது வரும் என்று மட்டும்தான்.